கல்லுப்பு, ஸ்பிரிட், மெழுகுதிரி: கொழும்பு ஈரத்தில் நீர்வர்ண விளையாட்டு

மாலை_மஞ்சள்

வணக்கம். படம் வரைகிற எண்ணமே இல்லாமல், நீர்வர்ணம் கடுதாசியில் என்னென்ன செய்யும் என்று பார்க்க ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கியிருக்கிறேன். முதல் சோதனையே சரிவரவில்லை.

கடுதாசி சதுர மீற்றருக்கு 300 கிராம், பருத்தி இல்லை, மரக்கூழ். வர்ணம் அல்ட்ராமரீன் நீலம். வாஷ் (தண்ணீர் கூட்டிய மெல்லிய வர்ணப் பூச்சு) போட்ட கையோடு கல்லுப்புத் தூவினேன். வீடியோக்களில் 20 நிமிடத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக வருகிறது. இங்கே இரண்டு மணித்தியாலம் போயும் உப்பு ஈரமாகவே கிடக்கிறது, தட்டிவிட்டால் நீலச் சேறு. இடம் வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம். ஏசி இல்லை, ஃபேன் மட்டும்.

எங்கே பிழை? உப்பைத் தவிர, வீட்டில் இருக்கிற சாமானோடு வேறு என்ன செய்து பார்க்கலாம், எந்த ஒழுங்கில்?

ஈரக்கடுதாசி

பிழை உப்பில் இல்லை, நேரத்தில். வாஷ் போட்ட கையோடு தூவியதால் உப்பு தண்ணீரில் கரைந்துவிட்டது. கரைந்த உப்பு நட்சத்திரம் போடாது.

வீடியோவில் சொல்லும் நிமிடக் கணக்கை விட்டுவிடுங்கள். அது வேறு நாட்டுக் காற்றுக்கான கணக்கு. இங்கே பார்க்க வேண்டியது கடுதாசியின் மினுக்கத்தை. தாளை யன்னல் பக்கமாக வைத்து, கண்ணைத் தாளின் மட்டத்துக்குக் கொண்டுவந்து சரிவாகப் பாருங்கள். நாலு கட்டம் தெரியும்.

முதலில் குளம். தண்ணீர் தாளுக்கு மேலே நிற்கும், தாளைச் சரித்தால் ஓடும். அடுத்தது மினுக்கம். தண்ணீர் ஓடாது, ஆனால் முழுப் பரப்பும் கண்ணாடி மாதிரி ஒரே சீராக ஒளிரும், யன்னல் கம்பி அதில் தெரியும். மூன்றாவது மங்கல். யன்னல் கம்பியின் சாயை உடையத் தொடங்கும், கடுதாசியின் மேடு பள்ளம் ஒவ்வொன்றாக வெளியில் வரும், புறங்கையை ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்தால் குளிர் தெரியும். கடைசியில் காய்ந்தது. குளிர் இல்லை, நிறமும் ஒரு படி வெளிறியிருக்கும்.

உப்பின் நேரம் மினுக்கத்திலிருந்து மங்கலுக்குப் போகிற அந்த இடைவெளி. சாயை உடையத் தொடங்கிய உடனே தூவ வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் கரையும், ஒரு நிமிடம் பிந்தினால் உப்பு சும்மா கிடக்கும்.

இதை ஒரே தடவையில் கண்ணால் படிக்க ஒரு வழி. தாளில் 6 சதுரம், ஒவ்வொன்றும் 6 சென்டிமீற்றர். எல்லாவற்றுக்கும் ஒரே கலவை, ஒரே தூரிகை, ஒரு மூச்சில் போடுங்கள். கலவைக்கு ஒரு கடலை அளவு வர்ணம், இரண்டு தேக்கரண்டி தண்ணீர். 1, 2, 3, 4, 6, 8ஆம் நிமிடங்களில் ஒவ்வொரு சதுரத்திலும் ஏழெட்டு உப்புப் பரல். ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலால் நிமிடத்தையும் மினுக்கம் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். மழை நாளில் ஒரு தாள், வெயில் நாளில் ஒரு தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நிமிடங்கள் மாறியிருக்கும், மினுக்கம் மாறியிருக்காது.

ஆய்வுகூடம்

உப்பு ஏன் காயவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

தூய சோடியம் குளோரைட் காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கொழும்பில் காலையில் 80 வீதத்தைத் தாண்டுவது வழமை. நல்ல வெயில் மத்தியானத்தில்தான் 70க்குக் கிட்ட இறங்கும். அதோடு கழுவிச் சுத்திகரிக்காத கல்லுப்பில் மக்னீசியம் குளோரைட் ஒட்டியிருக்கும். அது 33 வீதத்திலேயே தண்ணீர் இழுக்கும். ஆகவே கடலோரத்தில், மழைக்காலக் காலைப்பொழுதில், கல்லுப்பு காயவே காயாது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பலன் இல்லை.

செய்யக்கூடியது:
உப்பைப் பாவிக்க முதல் வெறும் தாச்சியில் 5 நிமிடம் வறுத்து, ஆறவிட்டு, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு வையுங்கள். சோதனையை பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் செய்யுங்கள். நட்சத்திரம் விரிந்து நின்றபிறகு ஹெயார் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒன்றரை அடி தள்ளிப் பிடித்துக் காயவையுங்கள். முதலிலேயே பிடித்தால் காற்று பரலை உருட்டிவிடும், நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும்.

பரலின் அளவும் முக்கியம். தூள் உப்பு குத்துக்குத்தாகப் பனி மாதிரி. கல்லுப்பு பெரிய பூ. ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை எந்த உப்பானாலும் வேலை ஒன்றுதான். பரலைச் சலித்து ஒரே அளவாக எடுங்கள், அதுதான் வித்தியாசம் காட்டும்.

கொட்டாஞ்சேனை_கோடு

எனக்கு உப்பு வேலையில் பெரிய மதிப்பு இல்லை. நூறு படத்தில் நூறும் ஒரே மாதிரித் தெரியும். பனி, நட்சத்திரம், பூப்பாசி. இதை விட்டுட்டு, வெறும் தண்ணியும் வர்ணமும் செய்யுற வேலையைப் பார்க்கச் சொல்லுவேன்.

அல்ட்ராமரீன் (நிறமி எண் பி.பி. 29), பேர்ன்ட் சியன்னா எண்ட செம்பழுப்பு (பி.பி.ஆர். 7) இரண்டையும் நல்லாத் தண்ணியாக் கலந்து, சாம்பல் நிறம் வந்தவுடனே ஈரத் தாளில ஊத்தி, தாளைச் சரிச்சு வையுங்க. கலவையில ஒரே சாம்பல், காயேக்க இரண்டும் பிரியும். நீலம் தாளின்ர குழியளில மணல் மாதிரி இறங்கும், சியன்னா சுத்தி நிற்கும். கிட்டப் பார்த்தால் காலிமுகத்திடல் பக்கம் மழைக்கு முதல் வாற மேகம். அதே வேலையை தாலோ நீலத்தில (பி.பி. 15:3) செய்து பாருங்க, மணல் வராது. துகள் மிக நுண்மை, தாளுக்குள்ள சாயமாப் பிடிச்சுடும். பேந்து தண்ணியால தேய்ச்சு எடுக்கவும் ஏலாது.

வர்ணக் குழாயின்ர பின்பக்கம் இந்த நிறமி எண்களைப் பாருங்க. பேர் எதுவும் போடலாம், எண் பொய் சொல்லாது. ஒரே எண் மட்டும் இருக்கிற வர்ணத்தில விளையாடினால்தான் எது எதைச் செய்யுது எண்டு பிடிபடும். மூன்று எண் கலந்த குழாய் பிரியுறது வடிவா இருக்கும், ஆனால் படிக்க ஒண்டும் இல்லை.

ஈரக்கடுதாசி

உப்பைப் பற்றி நீங்கள் சொல்வது படத்துக்குப் பொருந்தும் அண்ணா. விளையாட்டுக்கு உப்பு நல்ல ஆசிரியர். மினுக்கத்தைப் பிழையாகப் பார்த்தால் உடனே காட்டிக்கொடுக்கும், சமாளிக்க இடம் தராது. கண் பழகியபிறகு உப்பை விட்டுவிடலாம்.

பனையோலை

கொட்டாஞ்சேனை அண்ணை சொன்ன மணல் வேலைக்கு ஒரு கூடுதல் சோதனை. தண்ணியை மாத்திப் பாருங்கோ.

கொழும்புக் குழாய்த்தண்ணி களனி கங்கையில இருந்து வாறது, மென்தண்ணி. யாழ்ப்பாணத்துக் கிணத்துத்தண்ணி சுண்ணாம்புப் பாறைக்குள்ளால வாறது, வன்தண்ணி, கேத்திலில வெள்ளையாப் படியுமே அது. அல்ட்ராமரீன் மாதிரி வர்ணங்கள் வன்தண்ணியில கூடுதலாத் திரளும், மணல் பெரிசாத் தெரியும். வடிச்ச தண்ணியில குறைவு. ஊருக்குப் போய்வாற ஆக்கள் ஒரு போத்தல் கொண்டு வந்தால் போதும். மூன்று கோப்பை: குழாய்த்தண்ணி, பற்றறிக்கு விடுற வடிச்ச தண்ணி, யாழ்ப்பாணக் கிணத்துத்தண்ணி. கோப்பைக்கு 2 தேக்கரண்டி, ஒரே அளவு வர்ணம், ஒரே தாளில பக்கம் பக்கமா மூன்று பட்டை. தாளை 15 பாகை சரிச்சுக் காயவிடுங்கோ. தட்டையா வைச்சால் வித்தியாசம் சரியாத் தெரியாது.

மாலை_மஞ்சள்

எல்லாம் குறித்துக்கொண்டேன். ஸ்பிரிட் துளி பற்றி யாராவது சொல்லுங்கள். பார்மசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் இருக்கிறது. உப்பு விடுகிற அதே நேரத்திலா?

ஆய்வுகூடம்

இல்லை, அதைவிட முந்தி. முழு மினுக்கம் இருக்கும்போது.

உப்பு தண்ணீரை உறிஞ்சும். ஸ்பிரிட் உறிஞ்சாது, தள்ளும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மீற்றருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன், ஸ்பிரிட்டின் இழுவிசை 22க்குக் கிட்ட. துளி விழுந்த இடத்தில் இழுவிசை சட்டென்று குறைய, சுற்றியுள்ள தண்ணீர் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும், வர்ணத்தையும் கூட்டிக்கொண்டு. நடுவில் வெளிறிய வட்டம், ஓரத்தில் கருவளையம். வட்டத்தின் நடுவில் சிலவேளை ஒரு சின்னப் பொட்டு மிஞ்சும். அது பிழை இல்லை.

சாமான் தெரிவில் கவனம். சில சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். அது தாளில் எண்ணெய்க் கறை விடும், அதற்குமேல் வர்ணம் பிடிக்காது. 70 வீத ஐசோப்ரொப்பைல் அல்ககோல் கேட்டு வாங்குங்கள்.

விடுவதற்கு காது துடைக்கும் பஞ்சுக்குச்சியின் நுனி, பல்குத்தி, துளியூற்றி மூன்றும் மூன்று அளவு வட்டம் தரும். பழைய டூத்பிரஷ்ஷில் தோய்த்து விரலால் தெறித்தால் புள்ளிமழை. ஒரே இடத்தில் இரண்டு முறை விடாதீர்கள், இரண்டாவது துளி முதல் வட்டத்தின் ஓரத்தை அழித்துவிடும். யன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் மெழுகுதிரி, நுளம்புச்சுருள் எதுவும் எரியக்கூடாது. தாலோ போன்ற சாயம் பிடிக்கும் வர்ணத்தில் வட்டத்தின் நடு முழு வெள்ளையாக வராது, இளநீலமாகவே நிற்கும்.

பத்திக்_மெழுகு

மெழுகுக்கு வருவோம். எல்லாரும் சொல்லுறது மெழுகுதிரியால் கோடு கீறி மேலே வாஷ். அது சரி, ஆனால் அரைவாசிதான்.

வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகு தெரியாது. தாளை வெளிச்சத்துக்குச் சரிவாகப் பிடித்துக் கீறுங்கள். அழுத்தம் இல்லாமல் இழுத்தால் மெழுகு மேடுகளில் மட்டும் படும், வர்ணம் குழிகளுக்குள் போகும். கடலில் விழுகிற வெயில் மினுமினுப்புக்கு அதைவிட நல்ல வழி இல்லை. பேரை வாவித் தண்ணீர் இப்படித்தான் வரும். முதலில் இளமஞ்சள் வாஷ் போட்டு, நன்றாகக் காயவிட்டு, மெழுகு, பிறகு நீலம். அப்போது கோடு வெள்ளையாக இராது, மஞ்சளாக நிற்கும். இப்படி மூன்று அடுக்கு போகலாம். இளநிறத்திலிருந்து கடுநிறத்துக்கு மட்டும்தான், திரும்பி வர முடியாது.

அடுத்தது பத்திக் வெடிப்பு. பத்திக் துணியில் காணும் அந்த நரம்புக் கோடுகளைத் தாளிலும் எடுக்கலாம். பத்திக்கில் பரபின் மெழுகு வெடிக்கும், தேன்மெழுகு வளையும். இரண்டையும் எவ்வளவு கலக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் நரம்பு கூடும் குறையும். தாளுக்கு பரபின் மட்டும் போதும், கடை மெழுகுதிரி அதுதான்.

மெல்லிய தாள் எடுங்கள், 120 முதல் 190 கிராம் வரை. 300 கிராம் கசங்காது, உடையும். இளநிற வாஷ் போட்டு முழுதாகக் காயவிடுங்கள். மெழுகைத் தகர டின்னில் போட்டு, அந்த டின்னைக் கொதிதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். நேரே அடுப்பில் வைக்கவே கூடாது, மெழுகு நெருப்புப் பிடிக்கும். உருகியதைப் பழைய தட்டைத் தூரிகையால் தாள் முழுக்கப் பூசுங்கள். அந்தத் தூரிகை இனி மெழுகுக்கு மட்டும்தான். பூசிய தாளை ஃபிரிட்ஜில் 10 நிமிடம் வையுங்கள். இந்தச் சூட்டில் மெழுகு மெத்தென்றே இருக்கும், குளிர்ந்தால்தான் வெடிக்கும். வெளியில் எடுத்தவுடன் கையால் மெதுவாகக் கசக்கி விரியுங்கள். கடுமையான கலவையை, தயிர்ப் பதத்தில், வெடிப்புகளுக்குள் தேய்த்து, மேலே நிற்பதை ஈரத்துணியால் துடையுங்கள்.

காய்ந்ததும் பழைய பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஏறும். வெள்ளை டிஷ்யூ மேலும் கீழும் வைத்து, அயனை மிகக் குறைந்த சூட்டில் ஒற்றி எடுங்கள். டிஷ்யூவை நாலைந்து தரம் மாற்ற வேண்டும். கொஞ்சம் மெழுகு தாளுக்குள் எப்படியும் நிற்கும். அதுக்குமேல் இனி நீர்வர்ணம் ஓடாது, அதனால் இது கடைசி வேலை.

கொட்டாஞ்சேனை_கோடு

வடிவான விளக்கம். ஒண்டு சேர்க்கிறன்: கத்தி.

தாள் மங்கல் கட்டத்தில இருக்கேக்க கத்தி முதுகாலயோ நகத்தாலயோ கீறினால் கோடு கறுப்பா வரும், காயப்பட்ட நாருக்குள்ள வர்ணம் இறங்குறதால. முழுக்கக் காய்ஞ்சபிறகு கூரான பிளேட் நுனியால சுரண்டினால் வெள்ளை வரும், மேல் படை போறதால. ஒரே கத்தி, எதிர் விளைவு. 1846இல கொழும்பு அகடமிக்கு ஓவியம் படிப்பிக்க வந்த ஐரிஷ்காரர் ஆன்ட்ரூ நிக்கல் தன்ர ஊர்க் காட்டுப்பூ ஓவியங்களில தண்டையும் இதழையும் இப்பிடிச் சுரண்டித்தான் எடுத்தவர். மரக்கூழ்த் தாளில சுரண்டினால் நூல் நூலாப் பிய்யும். பருத்தி தாங்கும்.

மாலை_மஞ்சள்

எல்லோரும் பருத்தி என்கிறீர்கள். விலையைப் பார்த்தால் விளையாட மனம் வராது. சோதனைக்கு மலிவுத் தாள், படத்துக்கு நல்ல தாள் என்று பிரித்தால் என்ன?

ஈரக்கடுதாசி

அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். நாம் சோதிப்பது வர்ணத்தை மட்டும் இல்லை. தாளில் பூசிய பசையின் வேலையையும் சேர்த்துத்தான். நீர்வர்ணத் தாளில் ஜெலற்றின் மாதிரி ஒரு பசை இருப்பதால்தான் தண்ணீர் மேலே நின்று மெதுவாக இறங்குகிறது. மரக்கூழ்த் தாளில் அந்த மினுக்கத்தின் காலம் குறுகியது, சீரும் இல்லை. ஒரு மூலை குளம், மறு மூலை காய்ந்திருக்கும். அதில் படித்த நேரம் பருத்தித் தாளில் உதவாது. மலிவுத் தாளில் நூறு தரம் செய்து பிழையான பாடம் படிப்பதைவிட, நல்ல தாளில் பத்துத் தரம் செய்வது இலாபம்.

செலவைக் குறைக்க வழி: ஏ4 பருத்தித் தாள் ஒன்றை எட்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 க்கு 10 சென்டிமீற்றர். தாளின் பின்பக்கமும் பாவிக்கலாம். ஒரு தாளில் 16 சோதனை. 300 கிராமில் இந்த அளவு துண்டு சுருளாது, பலகையில் ஒட்டவும் தேவை இல்லை. மாஸ்கிங் டேப்பால் நாலு ஓரமும் ஒட்டினால் போதும். மெழுகு வெடிப்புக்கும், கீழே சொல்லப்போகும் கறை விளையாட்டுக்கும் மட்டும் மலிவுத் தாள் சரி.

இன்னொன்று, இது கொழும்பில் அடிக்கடி நடக்கும். வாங்கி வருடக்கணக்காகக் கிடந்த தாளில் வாஷ் போட்டால் அங்கங்கே கடும்புள்ளிகள் விழும், அந்த இடம் மட்டும் ஒற்றுத்தாள் மாதிரிக் குடிக்கும். வர்ணத்தில் குறை இல்லை. ஈரத்தில் பசை செத்துவிட்டது. வெறும் தண்ணீரை அகலத் தூரிகையால் ஒரு மூலையில் பூசிப் பாருங்கள். உடனே சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் தாள் கெட்டது. 250 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 6 கிராம் வெறும் ஜெலற்றின் தூள், பச்சைத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, கொதிக்காமல் இளஞ்சூட்டில் கரைத்து, சூடாகவே இருபக்கமும் பூசித் தொங்கவிட்டுக் காயவைத்தால் ஓரளவு மீட்கலாம். புதுத் தாளைப் பிளாஸ்டிக் உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்றோடு, சுவரில் சாராமல் படுக்கையாக வையுங்கள். வெளிச்சுவர்ப் பக்க அலுமாரி வேண்டாம்.

பனையோலை

ஈரம் எண்டால் வர்ணப்பெட்டியையும் சொல்லவேணும். ஈரமான பான்களை (வர்ணக்கட்டி இருக்கிற சின்னக் கிண்ணங்கள்) மூடி வைச்சால் மூன்று நாளில பூஞ்சணம். விளையாடி முடிஞ்ச உடனே மூடாமல், ஃபேனுக்குக் கீழ ஒரு இரவு திறந்து வையுங்கோ. பூஞ்சணம் வந்தால் பருத்திப்பஞ்சில ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, மேல் படையைக் கழுவி ஊத்துங்கோ. கராம்பு எண்ணெய் பல்குத்தி நுனியால ஒரு பொட்டு, பானுக்கு ஒரு பொட்டுத்தான். கூடினால் வர்ணம் தண்ணியைத் தள்ளும். தேன் கூடுதலாச் சேர்த்த வர்ணங்கள் இஞ்ச பானில காயாது, எப்பவும் ஒட்டும். அதுகளைக் குழாயிலயே வைச்சுப் பாவிக்கிறது சுகம்.

ஆய்வுகூடம்

சமையலறைச் சாயங்களையும் ஒரு பகல் பார்க்கலாம். இவை எதுவும் நிலைக்காது, ஒளிபட்டால் வெளிறும் அல்லது தாளை அரிக்கும். அதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

பிளேன்டீயும் கறளும். இரண்டு தேக்கரண்டி டஸ்ட் தேயிலையை அரைக் கோப்பை கொதிதண்ணீரில் 15 நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். வேறொரு போத்தலில் கறள் பிடித்த ஆணி நாலைந்து, மூழ்கும் அளவு வினாகிரி, இரண்டு மூன்று நாள். மூடியை இறுக்கக் கூடாது, வாயு வெளியேற வேண்டும். தாளில் முதலில் தேயிலைச் சாயம். அது மங்கல் கட்டத்துக்கு வந்ததும் ஆணி வினாகிரியால் ஒரு கோடு. மங்கிய பழுப்பு கண் முன்னாலேயே சாம்பலாகி, பிறகு கறுக்கும். தேயிலையின் தனின் இரும்போடு சேர்வதுதான் காரணம், பழைய காலத்து இரும்பு மையின் வேலையும் இதேதான். மினுக்கத்தில் கீறினால் கோடு வேர்விட்டு ஓடும். காய்ந்தபின் கீறினால் பேனாக்கோடு. சில வருடத்தில் அந்த இடம் தாளை அரிக்கும், நல்ல படத்தில் வேண்டாம்.

நீலச் சங்குப்பூ. 20 பூவிதழை ஒரு மேசைக்கரண்டி சுடுதண்ணீரில் பிழியுங்கள். தாளில் பூசி ஈரமிருக்கும்போதே ஒரு பக்கம் தேசிக்காய்ப் புளி, மறுபக்கம் அப்பச்சோடாக் கரைசல். புளிப் பக்கம் ஊதாவாகி இளஞ்சிவப்புக்குப் போகும், சோடாப் பக்கம் பச்சைக்குத் திரும்பும்.

மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். காய்ந்த மஞ்சள் பரப்பில் சவர்க்காரத் தண்ணீரால் எழுதினால் எழுத்து செந்நிறமாக வரும்.

ஒரு எச்சரிக்கை: தேசிக்காயையோ வினாகிரியையோ அல்ட்ராமரீன் மேல் விடாதீர்கள். அமிலம் பட்டால் அந்த நீலம் நிறம் இழக்கும், மீளாது. அதையே ஒரு சோதனையாக ஒரு துண்டில் செய்து வைத்துக்கொள்வது நல்லது. கோப்பை, கரண்டி எல்லாம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்குத் திரும்பக் கூடாது.

மாலை_மஞ்சள்

ஞாயிறு சோதனை முடிவு: 2 மணிக்கு, வறுத்த உப்பு, பருத்தித் தாள். 1, 2, 3ஆம் நிமிடச் சதுரங்களில் கரைந்தது. 4இல் மங்கலான பூ. 6இல் கூரான நட்சத்திரம், அப்போது யன்னல் கம்பியின் சாயை உடைந்துகொண்டிருந்தது. 8இல் ஒன்றும் இல்லை.

எல்லாச் சதுரத்திலும் ஓரத்தில் கடும்கோடு விழுந்திருக்கிறது, இரண்டில் நடுவில் பூக்கோவா மாதிரி வெடிப்பும் உண்டு. இவை எதனால்?

ஆய்வுகூடம்

6ஆம் நிமிடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

ஓரக் கோடு கோப்பிக் கறை வளையம் விழுகிற அதே காரணத்தால். தண்ணீர்ப் பரப்பின் ஓரத்தில் ஆவியாதல் கூடுவதால், அந்த இழப்பை நிரப்ப நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடும், துகளையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1997இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்கோடு விளக்கினார்கள். கோடு வேண்டாமென்றால் மினுக்கம் இருக்கும்போதே பிழிந்த தூரிகையால் ஓரத்தை ஒற்றியெடுங்கள், அல்லது ஓரத்துக்கு வெளியே ஒரு விரல் அகலம் வெறும் தண்ணீர் பூசிவிடுங்கள்.

ஈரக்கடுதாசி

பூக்கோவா வேறு. அது மங்கல் கட்டத்தில் கூடுதல் தண்ணீர் விழுந்ததால் வந்தது. உங்கள் தூரிகையில் மிஞ்சிய சொட்டோ, டேப் ஓரத்தில் தேங்கிய தண்ணீரோ திரும்பி ஓடியிருக்கும். ஈரம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தண்ணீர் தள்ளிக்கொண்டு போகும், அது எங்கே நிற்கிறதோ அங்கே பல்லுப்பல்லாக வர்ணம் குவியும். டேப் ஓரத்தில் வாஷ் முடிந்ததும் டிஷ்யூவால் ஒற்றினால் பாதி குறையும்.

ஆனால் இப்போது வந்ததை விடாதீர்கள். அடுத்த துண்டில் வேண்டுமென்றே செய்யுங்கள். பால் பதத்தில் நல்ல கடும்பச்சை, மங்கல் வந்ததும் உள்ளங்கை உயரத்திலிருந்து வெறும் தண்ணீர் ஒரு துளி. ஐந்து நிமிடத்தில் விகாரமாதேவிப் பூங்கா மரம் ஒன்றின் தலை கிடைக்கும். பூக்கோவாவைச் சொன்ன இடத்தில் வரவழைக்கத் தெரிந்தவருக்கு அது தானாக வராது.

மாலை_மஞ்சள்

அக்கா, கறை விளையாட்டு என்று மேலே சொன்னீர்களே?

ஈரக்கடுதாசி

1785இல் அலெக்சாண்டர் கோசென்ஸ் என்ற ஆங்கில ஓவியர் எழுதிவைத்த வழி. தாளைக் கசக்கி விரியுங்கள். எந்தப் பொருளையும் நினையாமல், மலை, ஆறு என்ற பொது எண்ணம் மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய தூரிகையால் ஒரே கடும்நிறத்தில் கறைகளை வேகமாகப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காய்ந்ததும் அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, கறையில் தெரிகிற நிலக்காட்சியை மட்டும் பிரதியெடுங்கள், கறையில் இல்லாததைச் சேர்க்காமல். இருண்ட ஒற்றை நிறம் முக்கியம், இரண்டு நிறம் வந்தால் கண் வடிவத்தை விட்டு நிறத்தைப் பார்க்கும்.

பத்திக்_மெழுகு

வெள்ளையாக விடவேண்டிய இடத்தை மறைக்கப் பூசும் மாஸ்கிங் ஃப்ளூயிட் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருச் சிவப்புப் பள்ளிவாசலின் வெள்ளைப் பட்டைகளை எடுக்க இதுதான் வழி, மெழுகு அவ்வளவு கூராக வராது.

அது றப்பர்ப்பால்தான், அமோனியா சேர்த்தது. இந்தச் சூட்டில் போத்தலுக்குள்ளேயே திரளும். குலுக்காதீர்கள், நுரை வரும், மெதுவாகச் சரித்துக் கலக்குங்கள். வேண்டிய அளவை மூடியில் ஊற்றிப் போத்தலை உடனே மூடுங்கள். தூரிகையை முதலில் சவர்க்காரத்தில் தோய்த்துப் பிழிந்தால் மயிரில் ஒட்டாது. மெல்லிய கோட்டுக்குப் பல்குத்தி. தாள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் போட்டால் நாருக்குள் போய்விடும். ஹெயார் டிரையர் காட்டவே கூடாது, சூடு பிடித்தால் றப்பர் தாளோடு சேரும். அன்றே உரியுங்கள், மறுநாளுக்கு வைத்தால் தாளும் கூட வரும். உரிக்கும்போது மேலே இழுக்காமல் விரலால் பக்கவாட்டில் உருட்டுங்கள்.

மாலை_மஞ்சள்

கடைசியாக ஒன்று. 6ஆம் நிமிட உப்புத் துண்டைச் சட்டம் போட்டு வைக்கலாமா?

ஆய்வுகூடம்

போடலாம், ஆனால் உப்பு போகவேண்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிளாஸ்டிக் அட்டை ஓரத்தால் பரலைத் தட்டி எடுங்கள், நகத்தால் சுரண்ட வேண்டாம். பிறகு காய்ந்த மென்தூரிகையால் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத உப்பு நாருக்குள் நிற்கும், மழைக்காலத்தில் ஈரம் இழுத்து அந்த இடம் பழுப்பாகலாம். அதனால் முதலில் ஸ்கான் எடுத்து வைத்துவிடுங்கள். சட்டத்தில் தாள் கண்ணாடியைத் தொடக்கூடாது, இடையில் 3 மில்லிமீற்றர் மவுண்ட் அட்டை. பின்பக்கப் பலகையைச் சுவரோடு ஒட்டாமல் கீழ் இரு மூலையிலும் கோர்க் துண்டு ஒட்டி, காற்றுப் போக விடுங்கள். கடல் பக்கச் சுவர் வேண்டாம்.